சுட்கிக்கு மாப்பிள்ளை பார்த்தது யார்?

2020 ஜூன் மாதத் தொடக்கம். ஊரே ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்த நேரம். ட்விட்டரில் திடீரென்று ஒரு போராட்டம் வெடித்தது. ‘சுட்கிக்கு நியாயம் வேண்டும்!’

யார் இந்த சுட்கி? ‘சோட்டா பீம்’ கார்ட்டூனில் வரும் சின்னப் பொண்ணு. பீமுக்குத் தெம்பு வேண்டும் என்றால் லட்டோடு வந்து நிற்பவள். ‘இத்தனை வருஷம் லட்டு கொடுத்தவளை விட்டுவிட்டு, பீம் போய் இளவரசி இந்துமதியைக் கல்யாணம் செய்துகொண்டான்’ என்று ஒரு வதந்தி. உடனே நாடெங்கும் கண்ணீர், கோபம், மீம்ஸ். பணக்காரப் பொண்ணைப் பார்த்ததும் பழசை மறந்துட்டானே என்று பீமைத் திட்டித் தீர்த்தார்கள்.

தொடரைத் தயாரிக்கும் ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் அறிக்கையே விட வேண்டியதாயிற்று. பீம், சுட்கி, இந்துமதி எல்லோரும் இன்னும் குழந்தைகள்தான், கல்யாணச் செய்தி பொய், அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கைக்குள் காதல் கல்யாணத்தை எல்லாம் கொண்டுவராதீர்கள் என்று கேட்டுக்கொண்டது.

பீமுக்கு வயசு ஒன்பது!

சிரித்துவிட்டுக் கடந்து போகிற சமாச்சாரம்தான். ஆனால், கொஞ்சம் நின்று பார்த்தால் வேடிக்கை வேறு மாதிரி தெரியும். 2008-ல் போகோ சேனலில் சோட்டா பீம் தொடங்கியபோது பார்த்த குழந்தைகள் 2020-ல் கல்லூரிக்கு வந்துவிட்டார்கள். பீம் வளரவில்லை, பார்த்தவர்கள் வளர்ந்துவிட்டார்கள். கூடவே மனசுக்குள் பீமையும் வளர்த்து, மீசை வைத்து, பெண் பார்த்து, ஜாதகமும் பொருத்திவிட்டார்கள். கதையில் இல்லாத கல்யாணத்தைப் பேசி முடித்தது பார்வையாளர்கள்தான்.

இந்தப் பழக்கம் மதுரைப் பக்கத்துக்குப் புதிதா என்ன? திண்டுக்கல் சாலையில் மதுரையைத் தாண்டியதும் வருகிற பரவையையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்கறி மார்க்கெட்டுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு காதுகுத்து வீடு. பெரியவர்கள் மொய் எழுதிக்கொண்டிருக்க, மூலையில் இரண்டு பொடிசுகள் ஒரே போனில் ‘டோரேமான்’ பார்த்துக்கொண்டிருக்கும். ஆறு வயசுப் பையன், அஞ்சு வயசுப் பொண்ணு. அந்தப் பக்கம் போகிற பெரியம்மா சும்மா போகமாட்டார். “என்னடா... மாமன் மகளை இப்பவே பக்கத்துல உக்கார வச்சுட்டியா? பொழைச்சுக்குவடா!” என்பார். பந்தலே சிரிக்கும். பையனுக்கு ஒன்றும் புரியாது. பொண்ணு மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காரும். இந்தக் கிண்டல் நடக்காத காதுகுத்து எந்த ஊரில் இருக்கிறது?

அந்தப் போனில் ஓடுகிற கதையைப் பார்த்தால், அங்கேயும் ஒரு கல்யாணக் கவலைதான் ஓடிக்கொண்டிருக்கும்.

டோரேமான், ஜப்பானின் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ வரைந்த சித்திரக்கதை. 1970 ஜனவரி இதழ்களில் ஆரம்பித்தது. 1979-ல் டிவி தொடராகி, 2005 மார்ச் வரைக்கும் ஓடியது. அடுத்த மாதமே குரல்கள், வரைகலை எல்லாவற்றையும் மாற்றி, முதலிலிருந்து புதிதாகத் தொடங்கினார்கள். இங்கே டிவி பார்த்து வளர்ந்த அண்ணனும், இன்றைக்குப் போனில் பார்க்கிற தம்பியும் ‘நோபிட்டா’ என்று ஒரே பேரைச் சொன்னாலும், பார்த்தது ஒரே தொடராக இருக்காது.

கதையின் அஸ்திவாரம் என்ன என்று நினைவிருக்கிறதா? பூனை ரோபோவும் அதன் பையிலிருந்து வரும் மாயச் சாமான்களும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால், அந்த ரோபோ எதற்காக வந்தது? நோபிட்டாவின் கொள்ளுப்பேரனுக்கும் அடுத்த தலைமுறைப் பையன் செவாஷி, எதிர்காலத்திலிருந்து வந்து ஒரு போட்டோ ஆல்பத்தைக் காட்டுகிறான். வளர்ந்த நோபிட்டா தொழிலில் தோற்று, தலைமுறை தலைமுறைக்கும் கடன் வைத்துவிட்டுப் போகிறான். அதே ஆல்பத்தில் அவன் கல்யாணப் படமும் இருக்கிறது. மணப்பெண், முரடன் ஜியானின் தங்கச்சி ஜைக்கோ. நோபிட்டாவுக்கு உலகமே இருண்டுவிடுகிறது. அந்த விதியை மாற்றத்தான் டோரேமான் வருகிறது. விதி மாறினால் நோபிட்டாவுக்குக் கிடைக்கப்போவது ஷிசுகா.

ஆக, ஒரு பொண்ணு பரிசு, இன்னொரு பொண்ணு தண்டனை. கடன், தொழில் நஷ்டம் வரிசையில் மூன்றாவது கஷ்டமாகக் குண்டாக இருக்கும் ஒரு சின்னப் பொண்ணைச் சேர்த்துவிட்டார்கள். தமிழ் சினிமாவில் காமெடி நடிகருக்குப் பெண் பார்க்கும் சீனில் கதவைத் திறந்ததும் தடிமனான ஒரு பெண்ணை நிறுத்திச் சிரிக்கவைப்பார்களே, அதே சரக்கு. ஜப்பானில் 1970-ல் செய்ததை இங்கே எத்தனை படத்தில் பார்த்தாயிற்று!

நோபிட்டாவுக்கு ஒரு நல்ல சந்தேகம் வருகிறது. ‘நான் வேற பொண்ணைக் கட்டிக்கிட்டா நீ எப்படிப் பிறப்பே?’ செவாஷி சொல்லும் பதில் சுவாரஸ்யமானது. டோக்கியோவிலிருந்து ஒசாகா போக எந்த வண்டியில் ஏறினாலும், திசை சரியாக இருந்தால் ஒசாகா வந்துவிடும் என்கிறான். பரவையிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ்ஸிலும் போகலாம், ஷேர் ஆட்டோவிலும் போகலாம் என்கிற மாதிரி. பொண்ணு என்பவள் வண்டி! எந்த வண்டி என்பது முக்கியமில்லை, பேரன் வந்து சேர்ந்தால் போதும். குழந்தைக் கதையில் இதைப் பெரிதுபடுத்தலாமா என்று கேட்கலாம். குழந்தைக் கதையில்தான் பெரிதுபடுத்த வேண்டும், பெரியவர்களுக்கு ஏற்கெனவே இது பழகிப்போயிற்று.

பழைய தொடரில் ஷிசுகாவுக்கு வேலை கொஞ்சம்தான். நல்லவள், படிப்பாள், சிரிப்பாள். நோபிட்டா ஜியானிடம் அடி வாங்கினால் பரிதாபப்படுவாள். டெகிசுகி என்கிற கெட்டிக்காரப் பையனோடு சேர்ந்து வீட்டுப்பாடம் செய்தால் நோபிட்டா வயிறெரிவான். அப்புறம் அந்தக் குளியலறைக் கூத்து. எங்கே வேண்டுமானாலும் போகக்கூடிய கதவைத் திறந்தால் அது நேராக ஷிசுகா குளிக்கும் இடத்துக்குப் போய்விடும், அவள் கத்துவாள், தண்ணீரை அடிப்பாள், எல்லோரும் சிரிப்பார்கள். பத்து வயசுப் பொண்ணு குளிப்பதை எட்டிப் பார்ப்பது எப்படி நகைச்சுவை ஆயிற்று என்று அப்போது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. புதிய தொடரில் போகப்போக இந்தக் காட்சிகள் குறைந்துவிட்டன. நல்ல காரியம்.

இத்தனைக்கும் ஷிசுகா வெறும் பொம்மை இல்லை. அவளுக்கு வயலின் வாசிக்க ரொம்ப ஆசை. வாசித்தால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். சுட்ட சீனிக்கிழங்கு என்றால் உயிர். ஆனால், அது பொண்ணுக்கு அழகில்லை என்று நினைத்து ஒளித்து ஒளித்துச் சாப்பிடுவாள். இப்படிப்பட்ட ஒரு ஜீவனைப் படைத்துவிட்டு, அவளைப் பரிசுக் கோப்பை மாதிரி அலமாரியில் நிறுத்தியதுதான் வருத்தம்.

சரி, ஷிசுகா எதற்காக நோபிட்டாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்? படிப்பு சுமார். விளையாட்டும் வராது. அழுமூஞ்சி வேறு. இந்தக் கேள்விக்கு ஃபுஜியோ சில கதைகளில் பதில் தேடியிருக்கிறார். அவற்றையெல்லாம் கோத்து, 2014-ல் ‘ஸ்டாண்ட் பை மீ டோரேமான்’ என்று முப்பரிமாண அனிமேஷன் படமாக எடுத்தார்கள். புதிய காலத்து டோரேமானில் காதல் எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க இந்தப் படம்தான் சரியான இடம்.

வளர்ந்த ஷிசுகா பனிமலையில் தனியாக மாட்டிக்கொள்கிறாள். சிறுவன் நோபிட்டா பெரியவன் உருவத்தில் காப்பாற்றப் போகிறான். போனவன் ஒன்றையும் உருப்படியாகச் செய்யவில்லை. ஷிசுகாதான் அவனையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அவளுக்குக் காய்ச்சல் வேறு. அந்த நிலையில்தான், முன்பு அவன் கேட்டிருந்த கேள்விக்குச் சம்மதம் சொல்கிறாள். காரணம்? இவனைத் தனியாக விட்டால் என்ன ஆவானோ என்கிற பயம். பக்கத்தில் ஓர் ஆள் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற கவலை.

இந்த இடத்தில் மதுரை அம்மாக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கேட்ட வசனம் மாதிரி இருக்கிறதே! ‘பய கொஞ்சம் பொறுப்பில்லாமத் திரியிறான், ஒரு கால்கட்டைப் போட்டா சரியாயிடுவான்’ என்பது இந்தப் பக்கம் எத்தனை வீட்டில் பேசிய பேச்சு! கால்கட்டாகப் போன பெண்கள் எத்தனை பேர், சரியான பயல்கள் எத்தனை பேர் என்று எந்த வீட்டிலும் கணக்கெடுத்ததில்லை. ஷிசுகா சம்மதம் சொல்வது அவள் வாயாலேயே வருகிறது, யாரும் தள்ளவில்லை என்பது பெரிய முன்னேற்றம்தான். ஆனால், சொல்கிற காரணம் ஒரு நர்ஸின் காரணம்.

படம் அதோடு நிற்காமல் இன்னொரு படி போவதுதான் அதன் பலம். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, அப்பாவை விட்டுப் போக மனசில்லாமல் ஷிசுகா அழுகிறாள், கல்யாணம் வேண்டாம் என்கிறாள். அப்பா அவளைச் சமாதானப்படுத்தும்போது நோபிட்டாவின் சம்பளத்தைப் பேசவில்லை, வீட்டைப் பேசவில்லை. அடுத்தவர் சந்தோஷத்தில் சந்தோஷப்படவும், அடுத்தவர் துக்கத்தில் துக்கப்படவும் தெரிந்த பையன், அது போதும் என்கிறார். பெண்ணைக் கட்டிக் கொடுத்த எந்த அப்பாவாலும் அந்தக் காட்சியைக் கண் கலங்காமல் பார்க்க முடியாது. சின்னப் பிள்ளைகள் பாப்கார்ன் தின்றுகொண்டிருக்க, பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் மூக்கை உறிஞ்சும் காட்சி அது.

2020-ல் வந்த இரண்டாம் பாகத்தில், கல்யாண நாளன்று மாப்பிள்ளை நோபிட்டாவே பயந்துபோய்க் காணாமல் போகிறான். தன்னால் ஷிசுகாவைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ள முடியுமா என்கிற சந்தேகம். ஆண்பிள்ளைக்கும் அந்தப் பயம் உண்டு என்று குழந்தைகள் படத்தில் காட்டியது புதுசு. அந்த நேரத்தில் ஷிசுகா என்ன செய்கிறாள்? வருவான் என்று நம்பிக் காத்திருக்கிறாள். அரை நூற்றாண்டு ஆகியும் காத்திருக்கிற வேலை அவளுக்குத்தான்.

ஜைக்கோ என்ன ஆனாள் என்று கேட்க வேண்டுமே. அவளை ஆல்பத்தில் தண்டனையாக நிறுத்திய ஃபுஜியோவே, பிற்பாடு அவளைக் கை தூக்கிவிட்டார். ஜைக்கோ சித்திரக்கதை வரைகிறவளாக மாறினாள். புனைபெயர் வைத்துக்கொண்டு, பத்திரிகைக்கு அனுப்பி, திருப்பி அனுப்பினால் மறுபடி வரைந்து, விடாப்பிடியாக நிற்கிறாள். நோபிட்டாவைக் கட்டிக்கொள்ளும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்தக் கூட்டத்திலேயே தான் என்னவாகப் போகிறோம் என்று தெரிந்து உழைக்கிற பிள்ளை அவள்தான். நோபிட்டா தப்பித்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, தப்பித்தது ஜைக்கோ!

இதற்கு நேர்மாறான வழியில் போனது ‘பென் 10’. 2005-ல் அமெரிக்காவில் தொடங்கிய தொடர். கையில் மாய வாட்ச் கட்டிய பத்து வயசுப் பையன் பென், அவனோடு க்வென், தாத்தா மேக்ஸ். மூவரும் வேனில் கோடை விடுமுறைப் பயணம் போகிறார்கள். க்வென் யார் என்று சொல்லும்போது ஆங்கிலத்தில் ‘கசின்’ என்று முடித்துவிடுவார்கள். மதுரைப் பக்கத்துப் பிள்ளைக்கு அது போதாது. ‘கசின்னா? மாமா பொண்ணா, சித்தப்பா பொண்ணா?’ முறை தெரிந்தாக வேண்டும். பென்னின் அப்பாவும் க்வெனின் அப்பாவும் அண்ணன் தம்பி. அப்படியென்றால் பங்காளி வீட்டுப் பொண்ணு, கூடப்பிறந்தவள் மாதிரி. அக்காவா தங்கச்சியா என்றும் கேட்க முடியாது, இருவருக்கும் ஒரே நாளில்தான் பிறந்தநாள். ‘கசின்’ என்ற ஒரே சொல்லுக்குள் அண்ணன் தங்கச்சியையும் மாமன் மகளையும் போட்டுக் கட்டுகிற ஊரில் எப்படித்தான் கல்யாணம் பேசுகிறார்களோ!

2008-ல் அடுத்த தொடர் ‘ஏலியன் ஃபோர்ஸ்’ வந்தபோது பென்னுக்கு வயசு பதினைந்து. டென்னிஸ் ஆடும் ஜூலி அவன் வாழ்க்கையில் வருகிறாள். முதல் தொடரில் வில்லனாக வந்த கெவின் இப்போது நண்பன், க்வென் மேல் அவனுக்குக் காதல். முரட்டுத்தனமும் திருட்டுப் புத்தியும் இருந்த பையன், கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்துகிறான், வழுக்குகிறான், மறுபடி எழுகிறான். க்வென் அவனுக்குக் கால்கட்டாக இருக்கவில்லை. தப்புச் செய்தால் நேருக்கு நேர் கேட்பாள். சண்டையில் அவனைவிடப் பலசாலியும் அவள்தான். வயசுக்கு வந்த பிள்ளைகள் பார்க்கக்கூடிய மரியாதையான காதல் அது. அப்புறம் வந்த ‘ஓம்னிவெர்ஸ்’ தொடரில் பென்னும் ஜூலியும் பிரிந்துவிட்டார்கள். காதல் என்றால் கல்யாணத்தில்தான் முடிய வேண்டும் என்று அந்தத் தொடர் அடம்பிடிக்கவில்லை.

2016-ல் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார்கள். பென்னுக்கு மறுபடி வயசு பத்து. மறுபடி அதே வேன், அதே கோடை விடுமுறை. கெவின் எதிரியாக வந்து போவான். காதல் என்ற பேச்சே கிடையாது. பெற்றோருக்கு நிம்மதி. பத்து வயசுப் பையன் கதையில் அதற்கு என்ன அவசியம் என்பதும் நியாயமே. ஆனால், பழைய தொடரைப் பார்த்துப் பதின்மூன்று வயசை எட்டிய பிள்ளைக்குக் கூடவே வளர்ந்த ஒரு கதை இருந்தது. இன்றைக்கு அந்த வயசில் நிற்கும் பிள்ளைக்குப் புதிய பென் துணைக்கு வரமாட்டான். அவன் பத்தோடு நின்றுவிட்டான். அந்தப் பிள்ளை ரீல்ஸுக்குப் போகும். அங்கே காதல் சொல்லித்தர ஆளா பஞ்சம்?

சோட்டா பீம் வீட்டிலும் இதே வழிதான். 2019-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘மைட்டி லிட்டில் பீம்’ தொடரில் பீம் தவழ்கிற குழந்தை. வசனமே இல்லை. டப்பிங் தேவையில்லாமல் பரவைப் பாப்பாவும் பாரிஸ் பாப்பாவும் ஒன்றாகச் சிரிக்கலாம். இந்துமதியா, சுட்கியா என்ற வழக்கு அந்தத் தொட்டிலுக்குள் வராது. ஆனால், பெரிய பிள்ளைகள் பார்க்கும் சோட்டா பீமில் அந்த வழக்கு அப்படியே கிடக்கிறது. லட்டு கொடுத்தால் பதிலுக்குக் கல்யாணம் கிடைக்க வேண்டும் என்ற கணக்கைச் சுட்கி போடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போட்டார்கள். அவளுக்கு நியாயம் கேட்டவர்களில் ஒருவராவது, அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாரா?

பழைய கதையைப் புதிதாகச் சொல்லும்போது காதலில் கை வைப்பது கார்ட்டூன்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துப் பக்கம் காவல் நிற்கும் மதுரை வீரன் கதையை எத்தனை விதமாகப் பாடியிருக்கிறார்கள்! செருப்புத் தைக்கும் வீட்டில் வளர்ந்தவன், பாளையக்காரர் மகள் பொம்மியைத் தூக்கிக்கொண்டு வந்தவன். அந்தக் காதல் சிலருக்கு இடறியதால், பிறப்பால் அவன் அரச குமாரன்தான் என்று ஒரு முன்கதையையும் சேர்த்துச் சொன்னார்கள். 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படத்தில் பொம்மியாகப் பானுமதியும், வெள்ளையம்மாளாகப் பத்மினியும் நடித்தார்கள். பரவை முனியம்மா போன்றவர்களின் குரலில் வாழ்ந்த நாட்டுப்பாட்டு மரபுக்குக் கதையை மாற்றிப் பாடுவது புதிதே அல்ல. யாருக்காகக் கதை மாறுகிறது என்பதுதான் ஒவ்வொரு முறையும் வேறு.

கார்ட்டூன் கம்பெனிகள் தங்கள் பங்குக்கு மாறிவிட்டன. குளியலறைக் கதவைச் சாத்தினார்கள், ஷிசுகாவுக்குச் சம்மதம் சொல்ல வாய் கொடுத்தார்கள், பென்னைத் திரும்பப் பத்து வயசுக்கு அனுப்பினார்கள். காதுகுத்துப் பந்தலில்தான் பழைய எபிசோடே ஓடிக்கொண்டிருக்கிறது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விளையாட்டுக்குச் சொல்வதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வராது என்பது உண்மைதான். ஆனால், அஞ்சு வயசில் விளையாட்டாகக் கேட்டதை அந்தப் பொண்ணு பன்னிரண்டு வயசிலும் கேட்கிறாள், பதினாறிலும் கேட்கிறாள். பதினெட்டில் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்ல வரும்போது, ‘சின்னதுலயே பேசி வச்சதுதானே!’ என்று பந்தலே திரும்பிப் பார்க்கிறது. அந்தப் பையனுக்கும் அதே நெருக்கடிதான். அவனை யாரும் கேட்டதில்லை, ‘பொழைச்சுக்குவடா’ என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால்தான் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிறவர்கள் ‘நோபிட்டாவுக்கு யாரு ஜோடி?’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘டோரேமான் வராம இருந்திருந்தா ஷிசுகா என்ன செஞ்சிருப்பா?’ என்று கேட்டுப் பார்க்கலாம். வயலின் கிளாஸுக்குப் போயிருப்பாள் என்று சொல்கிற பிள்ளை இருக்கும். டெகிசுகியோடு படித்து டாக்டர் ஆகியிருப்பாள் என்று ஒன்று சொல்லும். சீனிக்கிழங்குக் கடை போட்டிருப்பாள் என்று ஒன்று சொல்லும். நோபிட்டாவையே கட்டியிருப்பாள், அவன் நல்லவன்தானே என்றும் ஒரு பிள்ளை சொல்லலாம்.

2005-ல் புதிதாகத் தொடங்கிய டோரேமானுக்கு 20 வயசு தாண்டிவிட்டது. நோபிட்டா இன்னும் அஞ்சாங்கிளாஸ்தான் படிக்கிறான். ஷிசுகா சம்மதம் சொல்ல இன்னும் நிறைய நாள் இருக்கிறது.